அடுக்குமாடி வீட்டுக்கு எந்தக் கிளி?



தோட்டத்து லயத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த குடும்பங்களில், ஒரு பேச்சு இன்று அடிக்கடி எழுகிறது. "வீட்டில் ஒரு கிளி வளர்த்தால் என்ன?" என்பதே அது. கேட்பவர்கள் பிள்ளைகளாக இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். லயத்தில் இருந்தவரை வாசலில் கோழி மேய்ந்தது, பின்புறம் ஆடு கத்தியது, அஞ்சடியில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். இன்று நான்காவது மாடி. மகனும் மருமகளும் வேலைக்குப் போன பின் கதவைச் சாத்திக்கொண்டு, தொலைக்காட்சியே துணையென்று பகல் முழுதும் கழிகிறது. அந்தத் தனிமைக்கு ஒரு குரல் வேண்டும் என்று வீட்டார் நினைப்பது நல்ல எண்ணம்தான்.

ஆனால் கிளி பொம்மை அல்ல. தவறான கிளி வந்துவிட்டால் மூன்று பேருக்குத் துன்பம். கிளிக்கு, நமக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு. ஆகவே கடைக்குப் போய்க் கிளியின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால், வீட்டில் இரண்டு பொருள்களைப் பாருங்கள். ஒன்று சுவர், மற்றொன்று கடிகாரம். சுவர் சொல்வது, எவ்வளவு சத்தம் தாங்கும் என்பது. கடிகாரம் சொல்வது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கிளியோடு ஓர் ஆள் இருப்பார் என்பது. இந்த இரண்டுக்கும் பொருந்துகிற கிளியே உங்கள் கிளி.

கிளி ஏன் கத்துகிறது?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் செம்பனைக் காட்டுக்கு மேலே பச்சைக் கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளி கூட்டத்தோடு வாழப் பிறந்த பறவை. "நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?" என்று ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கூண்டில் தனியாக அடைபட்டாலும் அந்தப் பழக்கம் போகாது. வீட்டு மனிதர்களையே தன் கூட்டமாக எண்ணிக் கூப்பிடும். பதில் வராவிட்டால் இன்னும் பலமாகக் கூப்பிடும்.

கிளி பேசுவதற்கும் காரணம் இதுதான். தான் சேர்ந்திருக்கும் கூட்டத்தின் ஒலியைத் தானும் எழுப்பி, "நானும் உங்களில் ஒருவன்" என்று காட்டிக்கொள்கிறது. நம்மோடு கலந்து பழகாத கிளி, நம் மொழியைப் பழகுவதும் அரிது. "சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை" என்பார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால்தானே அது சொல்லும்?

பக்கத்து வீட்டுக்காரரும் சட்டமும்

தஞ்சோங் மாலிம் இப்போது பழைய சிற்றூர் அல்ல. பெர்ணம் ஆற்றங்கரையில், பேராவின் தென்கோடியில் இருக்கும் இந்த ஊர், 2016ஆம் ஆண்டில் முவாலிம் என்னும் தனி மாவட்டத்தில் சேர்ந்தது. 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்வி நிலையம் பல்கலைக்கழகமாகிவிட்டது. புரோட்டோன் கார்த் தொழிற்சாலை 2003இல் இங்கே வந்தது. தொழிற்சாலைகள் உள்ள ஊரில், உங்கள் சுவருக்கு அப்பால் இரவு முறை வேலை முடித்துக் காலையில் கண்ணயர்ந்த ஒருவர் இருக்கலாம். பல்கலைக்கழகம் உள்ள ஊரில், தேர்வுக்குப் படிக்கும் மாணவர் இருக்கலாம். லயத்தில் கிளி கத்தினால் சத்தம் வெளிக்காட்டில் கரைந்துவிடும். அடுக்குமாடியில் அது சுவருக்குச் சுவர் மோதி எல்லோர் வீட்டுக்கும் போகும்.

இதற்குச் சட்டமும் உண்டு. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ், 2015இல் விதிமுறைகள் வந்தன. அண்டை வீட்டாருக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் எந்தப் பிராணியையும் வீட்டிலோ பொது இடத்திலோ வளர்க்கக் கூடாது என்று அவை கூறுகின்றன. நிர்வாகக் குழு எழுத்து மூலம் அறிவித்தால் மூன்று நாளைக்குள் பிராணியை அப்புறப்படுத்த வேண்டும். ஓராண்டு பேசிப் பழகிய கிளியை மூன்று நாளில் யாரிடம் கொடுப்பது? வாங்குவதற்கு முன்பே நிர்வாகக் குழுவை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரையும் கேளுங்கள். இரு பக்கத்து வீட்டாரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடுவது சட்டத்தைவிட மேலான காவல்.

மரப்பொந்துக் கிளி வேண்டாம்

நம் பெரியவர்களில் சிலர், "கடையில் ஏன் காசு கொடுக்க வேண்டும்? தோட்டத்தில் பட்டுப்போன மரத்துப் பொந்தில் குஞ்சு எடுத்து வளர்த்தோமே" என்பார்கள். உண்மைதான். அந்தக் காலத்தில் பல லயங்களில் அப்படிக் கிளிகள் வளர்ந்தன. இன்று அது கூடாது.

மலாய் மக்கள் பாயான் என்று அழைக்கும் நீண்ட வால் பச்சைக்கிளியும், செரிண்டிட் என்னும் சிறு கிளியும் இந்நாட்டுக் காட்டுப் பறவைகள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தூங்குமே, அதுதான் செரிண்டிட். இவை 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் அடங்கும். பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்கு இலாகாவின் உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. பாயான் கிளி உலக அளவிலேயே குறைந்துவரும் இனங்களில் ஒன்று. பொந்து உள்ள பெரிய மரங்கள் அழிந்துவருகின்றன. இருக்கிற பொந்திலும் குஞ்சை எடுத்தால் அடுத்த தலைமுறைக் கிளி எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், அங்கே நம் பச்சைக்கிளியை வீட்டில் அடைத்து வைப்பது குற்றம். 2023இல் ஒரு திரைப்பட நடிகர் வீட்டில் வளர்த்த இரண்டு பெரிய பச்சைக்கிளிகளுக்காக வனத்துறை இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. "தெரியாமல் வளர்த்தேன்" என்பது எங்கும் செல்லாது.

விரலுக்குத் தக்க வீக்கம்

இனி, கடையில் கிடைக்கும் வளர்ப்புக் கிளிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பஞ்சவர்ணக் கிளியும் வெள்ளைக் கொண்டைக் கொக்கட்டுவும் காண அழகு. ஆனால் அவற்றின் குரல் 100 டெசிபெல்லைத் தாண்டும். ஒரு பெரிய இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பது போன்ற சத்தம் அது. ஐம்பது ஆண்டுக்கு மேலும் வாழும். அடுக்குமாடிக்கு இவை ஒருக்காலும் ஏற்றவை அல்ல.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி பேச்சில் மன்னன். அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் ஆய்வாளர் 1977இல் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, நிறங்களையும் வடிவங்களையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டியது. ஆறு வரை எண்ணவும் கற்றது. அது 2007இல் இறந்தது. ஆனால் அத்தனை அறிவுள்ள பறவையை நாள் முழுதும் கூண்டில் தனியே விட்டால், ஏக்கத்தில் தன் சிறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். அதோடு, காட்டிலிருந்து பிடித்த சாம்பல் கிளியை நாடு விட்டு நாடு விற்பது 2017 முதல் உலக ஒப்பந்தப்படி தடை செய்யப்பட்டுள்ளது. யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பச்சைக்கிளி, அதாவது கழுத்தில் வளையம் போட்ட நம் ஊர்க் கிளி, எல்லோர் மனத்திலும் இருப்பது. மீனாட்சி அம்மன் கையில் இருப்பதும், ஆண்டாள் கையில் இருப்பதும் இதுவே. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு நாள்தோறும் இலைகளால் புதிதாக ஒரு கிளி செய்து வைப்பார்கள். மதுரைக் கோயிலில் கிளிகளை வளர்த்த கிளிக்கூட்டு மண்டபமும் உண்டு. பினாங்கு லிட்டில் இந்தியாவில் சீட்டெடுக்கும் ஜோசியக் கிளியையும் பலர் கண்டிருப்பீர்கள். இந்தப் பழக்கத்தால் "கிளி என்றால் இதுதான்" என்று நினைக்கிறோம். ஆனால் வாலோடு சேர்த்து 40 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தக் கிளிக்குக் கீச்சுக்குரல் அதிகம், கடியும் பலம். இருபத்தைந்து ஆண்டு, அதற்கு மேலும் வாழும். எழுபது வயதுப் பாட்டிக்கு வாங்கினால், அவருக்குப் பின் அதை வளர்க்கப் போவது யார் என்று இன்றே முடிவு செய்திருக்க வேண்டும்.

அடுத்தது லவ்பேர்ட். நம்மவர்கள் பலர், கூட்டமாக வைத்து விற்கும் வண்ண வண்ணச் சிறு கிளிகளையெல்லாம் லவ்பேர்ட் என்றே சொல்வார்கள். அது பெயர்க் குழப்பம். உண்மையான லவ்பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை. வால் குட்டை, உடல் தடித்தது, அலகு பெரியது. உருவம் சிறிதாயினும் குரல் ஊசி போலக் காதில் ஏறும். பேசுவது அரிது. பிள்ளைகள் விரலை நீட்டினால் கடித்துவிடும்.

காக்கட்டீல் ஆஸ்திரேலியப் பறவை. தலையில் கொண்டை, கன்னத்தில் குங்குமப் பொட்டு வைத்தாற்போல் ஆரஞ்சு வட்டம். நீளம் 30 சென்டிமீட்டருக்கு மேல். சாந்த குணம், தோளில் வந்து உட்காரும். ஆண் பறவை பாட்டின் மெட்டைச் சீட்டியடிக்கும். பதினைந்து, இருபது ஆண்டு வாழும். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. இதன் சிறகிலிருந்து மாவு போன்ற தூசி உதிரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இது வேண்டாம். இரவு இருட்டில் திடுக்கிட்டுக் கூண்டில் அடித்துக்கொள்ளும் பழக்கமும் இதற்கு உண்டு. ஒரு சின்ன இரவு விளக்கு அந்தப் பயத்தைப் போக்கும்.

கடைசியாக பட்ஜி. லவ்பேர்ட் என்று நம்மவர்கள் தவறாக அழைப்பது இதைத்தான். இதுவும் ஆஸ்திரேலியப் பறவையே. நீளம் 18 சென்டிமீட்டர், எடை 30, 40 கிராம். 1840இல் ஜான் கூல்ட் என்னும் பறவை அறிஞர் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றது முதல், தலைமுறை தலைமுறையாக மனிதர் வீட்டிலேயே பெருகிவரும் இனம். ஆகவே எந்தக் காட்டையும் கொள்ளையடித்த பாவம் நமக்கு இல்லை. இது கத்துவதில்லை, சளசளவென்று முணுமுணுக்கும். ஒரு சுவரைத் தாண்டினால் அந்த ஒலி பெரும்பாலும் தொல்லையாகாது. ஐந்து முதல் பத்தாண்டு வரை வாழும். பேசாது என்று நினைக்காதீர்கள். கலிபோர்னியாவில் பக் என்ற ஆண் பட்ஜி 1,728 சொற்கள் பேசி உலகச் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. அது 1994இல் இறந்தது. எல்லாப் பட்ஜியும் அப்படிப் பேசும் என்பதல்ல. "வா", "சாப்பிட்டியா" என்று நாலு சொல் பேசினாலே பாட்டிக்கு அது போதாதா?

ஆகவே நம் முடிவு இதுதான். சுவர் மெல்லியதாக இருந்தால் பட்ஜி. பகலில் வீட்டில் எப்போதும் ஆள் இருந்து, ஆஸ்துமாவும் இல்லாவிட்டால் காக்கட்டீலும் சரி. மற்றவற்றைக் கண்ணால் ரசித்துவிட்டு வந்துவிடலாம்.

ஒன்றா, இரண்டா?

இங்கேதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பாட்டி பகல் முழுதும் வீட்டில் இருக்கிறார், பேசுவதற்கு அவருக்கும் ஆசை என்றால் ஒரே ஓர் இளம் ஆண் பறவை போதும். அது அவரோடு ஒட்டிக்கொள்ளும், பேசவும் கற்கும். வீட்டார் எல்லோரும் காலையில் போய் மாலையில்தான் திரும்புகிறார்கள் என்றால், இரண்டு பட்ஜியாக வாங்குங்கள். அவை நம்மோடு குறைவாகவே பேசும். ஆனால் ஒன்றுக்கொன்று துணையாக மகிழ்ச்சியோடு இருக்கும். தனிமை பாட்டிக்குக் கொடுமை என்றால் கிளிக்கும் கொடுமைதானே? இரண்டும் ஆணாக இருப்பது நல்லது. சோடி சேர்த்துப் பெட்டியும் வைத்தால் ஓராண்டில் வீடு பறவைப் பண்ணையாகிவிடும்.

வளர்ந்த பட்ஜியில் ஆணுக்கு அலகின் மேல் உள்ள மூக்குத்தசை நீலமாக இருக்கும், பெண்ணுக்குப் பழுப்பாக இருக்கும். முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் மட்டும் ஆணின் மூக்கு இளஞ்சிவப்பாகவே இருந்துவிடும். நெற்றியில் மூக்கு வரை வரிவரியாகக் கோடு இருந்தால் அது இளம் பறவை. மூன்று நான்கு மாதத்துக்குப் பின் அந்த வரிகள் மறைந்துவிடும். பேசப் பழக்க இளம் பறவையே ஏற்றது.

கடையில் கால்மணி நேரம்

கடைக்குப் போனதும் கையை நீட்டாதீர்கள். தள்ளி நின்று கால்மணி நேரம் பாருங்கள். கண் பளிச்சென்று இருக்க வேண்டும். வால்புறச் சிறகு சுத்தமாக இருக்க வேண்டும். பகலில் சிறகை உப்பிக்கொண்டு மூலையில் தூங்குவதும், மூச்சு விடும்போது வால் ஏறி இறங்குவதும் நோயின் அடையாளங்கள். பாவம் பார்த்து அதை வாங்கி வந்தால் வீட்டுக்கும் நோய் வரும். பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். பட்ஜி, காக்கட்டீல் தவிர வேறு எந்தக் கிளியானாலும் உரிமம் தேவையா என்று பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே காசு கொடுங்கள்.

கூண்டும் இடமும்

கூண்டில் சிக்கனம் பிடிக்காதீர்கள். கிளி மேலும் கீழும் பறப்பதைவிடப் பக்கவாட்டில் பறப்பதே அதிகம். ஆகவே உயரமான வட்டக் கூண்டு வேண்டாம். இரண்டு பட்ஜிக்கு 75 சென்டிமீட்டராவது நீளமுள்ள சதுர மூலைக் கூண்டு வேண்டும். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போனால் தலை மாட்டிக்கொள்ளும். உட்கார வழவழப்பான பிளாஸ்டிக் தண்டு வேண்டாம். கொய்யாக் கிளையை வெட்டிக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். காலுக்கும் நல்லது, கொரிக்கவும் உதவும்.

கூண்டை முன்னறையில், ஒரு பக்கம் சுவர் அணைந்தாற்போல், நம் கண் உயரத்தில் வையுங்கள். பக்கத்து வீட்டாரோடு பகிரும் சுவரில் மாட்டாதீர்கள். பொது நடைபாதையில் தொங்கவிடுவது வெயிலுக்கும் மழைச் சாரலுக்கும் பூனைக்கும் விருந்து, சண்டைக்கும் வழி. சமையலறை வேண்டவே வேண்டாம். ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டி காய்ந்து அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை, மனிதருக்குத் தெரியாமலே சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, பூச்சி மருந்துத் தெளிப்பு, சிகரெட் புகை எல்லாமே ஆகாதவை. சாமி மேடை முன்னறையில் இருந்தால் சாம்பிராணி போடும்போது கூண்டைப் படுக்கையறைக்கு மாற்றிவிடுங்கள்.

கிளிக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். நம் நாட்டில் ஆண்டு முழுதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம் என்பதால் இது எளிது. பொழுது சாய்ந்த பின் கூண்டை மெல்லிய துணியால் போர்த்தி, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டால் போதும். காலையில் துணியை எடுக்கும் நேரம்தான் அதற்கு விடியல். விடியற்காலைச் சத்தத்தை இப்படி ஓரளவு தள்ளிப் போடலாம்.

உணவும் உடல்நலமும்

பட்ஜிக்கும் காக்கட்டீலுக்கும் தினை, சாமை போன்ற சிறுதானியம் முக்கிய உணவு. சூரியகாந்தி விதை கொழுப்பு மிகுந்தது. நமக்கு முறுக்கு போல, எப்போதாவது கொடுக்கலாம். நாள்தோறும் சாவி, கங்கோங், முருங்கைக்கீரை, கேரட், சோளம் இவற்றில் ஏதேனும் ஒன்று கழுவிக் கொடுங்கள். மிளகாயும் தின்னும். பறவைகளுக்கு அதன் காரம் உறைப்பதில்லை. மீன் கடையில் கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கழுவிக் காயவைத்துக் கூண்டில் செருகினால் சுண்ணாம்புச் சத்துக்கும் அலகு தீட்டவும் ஆகும். தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள்.

அவக்காடோ பழம் கிளிக்கு நஞ்சு. சாக்லேட், காப்பி, மதுபானம், உப்புப் போட்ட பலகாரம் எதுவும் கூடாது. "பாட்டி காப்பியில் ஒரு சொட்டு" என்று பிள்ளைகள் செல்லம் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூண்டின் எச்சத்தைக் காயவிடாமல், ஈரத் தாளால் துடைத்து நாள்தோறும் எடுங்கள். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு வகை நுரையீரல் காய்ச்சல் உண்டு. காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பதால் வருவது. அரிதானதுதான், மருந்தால் குணமாவதுதான். ஆயினும் வயதானவர்களுக்குக் கடுமையாகும். கிளி வந்த பின் வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் கண்டால், "வீட்டில் கிளி இருக்கிறது" என்று டாக்டரிடம் மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் அவருக்குப் பெரிய உதவி.

வேண்டாம் என்பதும் நல்ல முடிவே

எல்லாம் படித்த பின், "நம் வீட்டில் பகலில் ஒருவருமில்லை, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, அம்மாவுக்கு ஆஸ்துமா" என்று தோன்றினால் கிளி வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். அது குறையல்ல. கிளி வாங்க நினைத்ததற்குக் காரணம் பாட்டியின் தனிமை. அதற்கு வேறு மருந்தும் உண்டு. மாலையில் கால்மணி நேரம் அவரைக் கீழே அழைத்துச் சென்று நாலு பேரோடு உட்கார வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய தோட்டத்துச் சிநேகிதியின் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.

கிளி வாங்கினாலும் இதை நிறுத்திவிடாதீர்கள். கிளி பாட்டியிடம் நாலு சொல் பேசும். பாட்டி பேச நினைப்பது நாலாயிரம் சொல். அதைக் கேட்க வீட்டில் மனிதர்கள்தான் வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கூண்டின் பக்கத்தில் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து, "பாட்டி, இன்றைக்கு அது என்ன சொன்னது?" என்று கேட்கட்டும். அப்போது அந்தச் சின்னப் பறவை வீட்டுக்கு வந்த பயன் முழுமையாகும்.